இருமினா கசியுது, யார்கிட்ட சொல்றது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், மகளிர் நல அமர்வில், பணி ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையைப் பெரிதும் மாற்றாமல் இங்கே தருகிறோம்.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'மகளிரும் ஆரோக்கியமும்'. அது கடல் மாதிரி. அரை மணி நேரத்தில் கடலை நீந்த முடியாது. அதனால் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். மூத்திரப் பை. சிலர் சிரிக்கிறீங்க, சிலர் முந்தானையால வாயை மூடிக்கிறீங்க. சிரிச்சிட்டுக் கேளுங்க, பரவாயில்லை.

ஏன் இந்த விஷயம்? முப்பது வருஷத்துக்கு மேல கிராமம் கிராமமா நடந்தவள் நான். எந்த வீட்டுக்குப் போனாலும் பெண்கள் முதலில் மூட்டு வலி சொல்வாங்க, அப்புறம் தலைசுற்றல், அப்புறம் பிள்ளைக்குச் சளி. எல்லாம் கேட்டு முடிச்சு, நான் பையைத் தூக்கிக்கிட்டு வாசப்படி இறங்கும்போதுதான் பின்னாலயே வந்து, குரலைத் தாழ்த்தி, "நர்சம்மா, இன்னொண்ணு..." என்பாங்க. அந்த 'இன்னொண்ணு' பெரும்பாலும் இதுதான். இருமினா கசியுது. அவசரமா வருது, போறதுக்குள்ள ஆயிடுது. ராத்திரி நாலு தரம் எழுந்திருக்கேன். "எத்தனை நாளா?" என்று கேட்டால், "அது ஆச்சு, சின்னவன் பொறந்ததிலிருந்து" என்பாங்க. சின்னவன் அப்போ பன்னிரண்டாம் வகுப்பில் படிச்சிட்டிருப்பான்!

இது வயசானா வர்றது, பிள்ளை பெத்தா வர்றது, பொம்பளைன்னா சகிச்சுக்கணும் என்று நாமே முடிவு கட்டிவிட்டோம். நான் இன்றைக்குச் சொல்ல வந்தது ஒன்றுதான். இது தலையெழுத்து இல்லை. இதுக்குப் பேர் இருக்கு, காரணம் இருக்கு, வைத்தியம் இருக்கு. அதில் பாதி வைத்தியம் காசே இல்லாதது.

சுருக்குப்பையும் அதன் கயிறும்

நம்ம அம்மா, ஆயா எல்லாம் இடுப்பில் சுருக்குப்பை செருகியிருப்பாங்களே, அதை நினைச்சுக்கோங்க. சிறுநீர்ப்பையும் அப்படித்தான். அடிவயிற்றில், கர்ப்பப்பைக்கு முன்னால் இருக்கிறது. சிறுநீரகம் இரண்டும் இரத்தத்தை வடிகட்டி, ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக இந்தப் பைக்கு அனுப்புகின்றன. பையின் சுவர் தசையால் ஆனது. நிறைய நிறைய விரிந்து கொடுக்கும். 150 முதல் 200 மில்லி சேர்ந்ததும் 'போகலாமா' என்று மெதுவாக ஒரு நினைப்பு வரும். 400, 500 மில்லி வரை பிடிக்கும்.

பையின் வாயில் ஒரு சுருக்குத் தசை உண்டு. அதுதான் சுருக்குப்பையின் கயிறு. பையைக் கீழே இருந்து உள்ளங்கை மாதிரி ஏந்திப் பிடிக்கிற தசைகள் உண்டு. அதை இடுப்புத்தளத் தசை என்பார்கள். முன்னால் இருக்கும் எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரைக்கும் தொட்டில் கட்டினது போல இருக்கும். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது இந்தத் தொட்டில்தான்.

இதுக்கெல்லாம் மேல மூளை இருக்கு. பை நிறையும் சேதி நரம்பு வழியாக, முதுகுத்தண்டு வழியாக மூளைக்குப் போகும். 'இப்ப வேண்டாம், பஸ்ஸில் இருக்கே' என்று மூளை சொன்னால், பைச்சுவர் தளர்ந்தே இருக்கும், கயிறு இறுகி இருக்கும். 'சரி, போ' என்றால் கயிறு தளரும், சுவர் இறுகிப் பிழியும். ஒன்று தளரும்போது மற்றது இறுகணும். இந்த ஒத்திசைவு கெட்டுப் போவதைத்தான் சிறுநீர்ப்பைக் கோளாறு என்கிறோம்.

ஆக, கோளாறு பையில் இருக்கலாம், கயிற்றில் இருக்கலாம், தாங்குகிற தொட்டிலில் இருக்கலாம், சேதி கொண்டு போகிற நரம்பில் இருக்கலாம். எங்கே என்று தெரிந்தால்தான் வைத்தியம். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்குக் கேட்காமல் போவதற்குக் காரணம் இதுதான்.

பகலில் ஆறிலிருந்து எட்டு தடவை, ராத்திரி தூக்கத்தில் ஒரு தடவை போவது சாதாரணம். அதுக்கு மேல அடிக்கடி போனால், அல்லது அடக்க முடியாமல் போனால், கவனிக்கணும்.

உங்களுடையது எந்த வகை?

முதல் வகை: இருமினால், தும்மினால், சிரித்தால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் கசிகிறது. அவசரம் எதுவும் இருக்காது, அந்த நொடியில் மட்டும் கசியும். இது தொட்டிலும் கயிறும் தளர்ந்ததால் வருவது. வயிற்றுக்குள் அழுத்தம் கூடும்போது கயிறு தாங்கவில்லை.

இரண்டாவது வகை: திடீரென்று 'இப்பவே போகணும்' என்று வரும். கதவுச் சாவியைத் திறப்பதற்குள் ஆகிவிடும். தண்ணீர்க் குழாயில் கை வைத்தாலே வந்துவிடும். இதில் கயிறு நன்றாக இருக்கும். பைச்சுவர்தான் மூளையின் பேச்சைக் கேட்காமல் நேரங்கெட்ட நேரத்தில் பிழிகிறது. நாற்பது ஐம்பது வயதுக்கு மேல் நிறையப் பேருக்கு இந்த இரண்டு வகையும் கலந்தே இருக்கும்.

மூன்றாவது வகை: பை முழுசாகக் காலியாவதில்லை. போய்விட்டு வந்த பிறகும் பாரமாக இருக்கும். முக்கிப் போகணும், மெல்லிசாக வரும், விட்டு விட்டு வரும். நிறைந்த குடம் வழிவது போல அப்பப்போ வழியும். நாள்பட்ட சர்க்கரை நோய், முதுகுத்தண்டு பாதிப்பு, அடி இறக்கம், சில மாத்திரைகள் இதற்குக் காரணமாகலாம்.

நான்காவது வகை: இரவும் பகலும் நிற்காமல் கசிந்துகொண்டே இருப்பது. கஷ்டமான பிரசவத்துக்குப் பிறகோ கர்ப்பப்பை அறுவைக்குப் பிறகோ இப்படி ஆரம்பித்தால், சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புப் பாதைக்கும் நடுவில் ஓட்டை விழுந்திருக்கலாம். இது பயிற்சியால் சரியாகாது. ஆனால் அறுவை சிகிச்சையால் அடைக்க முடியும். நாற்றம் வருதுன்னு அந்தப் பெண்ணைத் திண்ணையில் படுக்க வைத்த காலம் ஒன்று இருந்தது. இனி யார் வீட்டிலும் அது நடக்கக் கூடாது.

இது தவிர நீர்க்கடுப்பு. எரிச்சல், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போவது, அடிவயிற்று வலி, கலங்கலாக, நாற்றத்தோடு போவது. இது கிருமித் தொற்று. பெண்களுக்குச் சிறுநீர்த் தாரையின் நீளம் 4 சென்டிமீட்டர்தான். ஆண்களுக்கு 20 சென்டிமீட்டர் வரை இருக்கும். வழி குட்டையாக இருப்பதால், மலவாய்ப் பக்கமிருந்து கிருமி சீக்கிரம் ஏறிவிடும். அதனால்தான் கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவச் சொல்கிறோம். "சூடு பிடிச்சிருச்சு" என்று மோர் குடித்துவிட்டு நான்கு நாள் பொறுக்காதீங்க. மோர் நல்லதுதான், கிருமியை அது கொல்லாது. மருத்துவர் தந்த மாத்திரையை, எரிச்சல் நின்ற உடனே நிறுத்தாமல், சொன்ன நாள் வரைக்கும் சாப்பிடணும். கர்ப்பிணியாக இருந்தால் ஒரு நாள்கூட தள்ளிப் போடக் கூடாது. தொற்று சிறுநீரகத்துக்கு ஏறும், குறைப்பிரசவத்துக்கும் வழி வைக்கும்.

எதனால் வருகிறது?

சுகப் பிரசவத்தில் குழந்தையின் தலை அந்தத் தொட்டிலை விரித்துக்கொண்டுதான் வெளியே வருகிறது. தசையும் நரம்பும் நைந்து போகும். பல பேருக்குச் சில மாதத்தில் தானாகத் தேறும். தேறாமல் ஓய்வும் இல்லாமல் குடம் தூக்கினால் தங்கிவிடும். மாதவிலக்கு நின்ற பிறகு ஹார்மோன் குறைந்து அந்த இடத்துத் திசுக்கள் மெலிந்து போகும். உடல் எடை கூடினால் பாரம் முழுக்க அந்தத் தொட்டிலின் மேல்தான். நாள்பட்ட இருமல், மலச்சிக்கலால் தினமும் முக்குவது, தலைச்சுமை, செங்கல், மண் சட்டி, நெல் மூட்டை எல்லாமே தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தும்.

சர்க்கரை நோயைத் தனியாகச் சொல்லணும். சர்க்கரை கூடினால் சிறுநீர் அதிகம் சுரக்கும், அடிக்கடி போகும், தொற்றும் வரும். வருஷக்கணக்கில் கட்டுப்பாடு இல்லாமல் விட்டால் நரம்பு மரத்துப் போய், பை நிறைந்ததே தெரியாது. பக்கவாதம், நடுக்குவாதம், முதுகுத்தண்டு அடி இவையும் சேதி போகிற வழியைக் கெடுக்கும். இரத்த அழுத்தத்துக்குத் தருகிற சில மாத்திரைகள் நீரைப் பிரிக்கும். அதை நீங்களே நிறுத்தாதீங்க. எந்த நேரத்தில் சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கேளுங்க.

இன்னொரு காரணம் நம்ம உடம்பில் இல்லை, ஊரில் இருக்கு. போவதற்கு இடம் இல்லை. வயலில், கட்டட வேலையில், நூறு நாள் வேலையில், கடையில் மணிக்கணக்காக அடக்குகிறோம். கேரளாவில் கோழிக்கோட்டுக் கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண்கள், கழிப்பறைக்குப் போக வழியில்லாமல் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தார்கள். பி.விஜி என்ற தையல் தொழிலாளி அவர்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்ற அமைப்பை உருவாக்கினார். கழிப்பறை கேட்டார்கள், உட்கார இருக்கை கேட்டார்கள். 2018ல் கேரளாவில் உட்காரும் உரிமை சட்டமானது. 2021ல் தமிழ்நாடும் கடைகளில் இருக்கை தரணும் என்று சட்டத்தைத் திருத்தியது. யார் வாங்கித் தந்தது? நம்மை மாதிரி கூடிப் பேசிய பெண்கள்தான்.

தண்ணீரைக் குறைப்பது வைத்தியம் இல்லை

இந்த அரங்கில் எத்தனை பேர் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்திருக்கீங்க? கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். பஸ் பயணம்னா முதல் நாள் ராத்திரியிலிருந்தே குடிக்க மாட்டோம்.

குறைத்தால் என்ன ஆகும்? சிறுநீர் கெட்டியாகும், டீ டிகாஷன் நிறத்துக்குப் போகும். கெட்டியான சிறுநீர் பைச்சுவரை உறுத்தும். உறுத்தினால் அவசரம் இன்னும் கூடும். கிருமி வெளியே போக வழியில்லாமல் தங்கும். கல் சேரும். மலம் இறுகும், அது வேறு பையை அழுத்தும். எதைத் தடுக்க நினைத்தோமோ அதையே கூட்டி வைக்கிறோம்.

நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வேண்டும். வெயிலில் வேலை பார்க்கிறவர்களுக்கு இன்னும் கூட. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. ஒரே மூச்சில் ஒரு செம்பு குடிக்காமல், பகலில் பிரித்துக் குடிங்க. ராத்திரி எழுந்திருப்பவர்கள் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் குறைத்துக்கொள்ளலாம். டீயும் காபியும் பையைத் தூண்டும். ஐந்து தடவை குடிக்கிறவர்கள் இரண்டாக்கிப் பாருங்க. இருதய நோய், சிறுநீரக நோய் இருப்பவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவில்தான் குடிக்கணும்.

ஒரு ஊக்குநரின் கதை

பேர் சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன். ஒரு குழுவில் பத்து வருஷம் ஊக்குநராக இருந்த அக்கா. கணக்கு நோட்டு கண்ணாடி மாதிரி இருக்கும். திடீரென்று வங்கிக்குப் போவதை நிறுத்தினார். கூட்டத்துக்கு வந்தால் பாதியில் எழுந்து போவார். ஒரு நாள் "வேற யாரையாவது போட்டுக்கோங்க" என்று நோட்டையும் முத்திரையையும் கொண்டு வந்து வைத்துவிட்டார். குழுவில் பேச்சு கிளம்பியது. பணத்தில் ஏதோ கை வெச்சிருக்கா, அதான் நழுவுறா என்றுகூடச் சொன்னார்கள். நோட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். ஒரு ரூபாய் பிசகவில்லை.

விஷயம் என்னவென்றால், வங்கி இருக்கும் ஊருக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். ஒரு தடவை பஸ்ஸிலேயே சேலை நனைந்துவிட்டது. அதற்கப்புறம் அவருக்குத் தைரியம் வரவில்லை. கெட்ட பேரைத் தாங்கிக்கொண்டார், காரணத்தை மட்டும் சொல்லவில்லை. நான் இரத்த அழுத்தம் பார்க்கப் போன இடத்தில், அந்த வாசப்படியில்தான் சொன்னார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்தபோது சர்க்கரை ஏகத்துக்கு இருந்தது, கூடவே சிறுநீர்த் தொற்று. இரண்டுக்கும் வைத்தியம், அதோடு பயிற்சி. மூன்று மாதத்தில் வங்கிக்குப் போய் வந்தார். முழுசாக நின்றுவிட்டதா என்றால், இல்லை. எப்பவாவது அவசரம் வரும். ஆனால் சமாளிக்கத் தெரிந்துகொண்டார். பழையபடி நோட்டு அவர் கைக்கு வந்தது.

ஒரு குழு ஒரு நல்ல கணக்காளரை இழக்க இருந்தது, ஒரு பெண் தன் நல்ல பேரை இழக்க இருந்தாள். வாய் திறக்காததால் வந்த வினை இது.

மருத்துவமனையில் என்ன கேட்பார்கள்?

போவதற்கு முன்னால் மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதுங்க. எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தோம், எத்தனை மணிக்குப் போனோம், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம். வரவு செலவு எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியமா? வரவு தண்ணீர், செலவு சிறுநீர்! அந்த மூன்று நாள் கணக்கைப் பார்த்தாலே எந்த வகை என்று மருத்துவருக்குப் பெருமளவு தெரிந்துவிடும். சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் கையில் எடுத்துப் போங்க.

சிறுநீர்ப் பரிசோதனை செய்வார்கள், சர்க்கரை பார்ப்பார்கள், அடி இறக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இருமச் சொல்லுவார்கள். தேவைப்பட்டால், போய்விட்டு வந்த பிறகு பையில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். இதில் வலிக்கிற காரியம் எதுவும் இல்லை. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பதும் தப்பில்லை.

காசில்லாத வைத்தியம்

1948ல் ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நல மருத்துவர் இந்தத் தொட்டில் தசைக்கு ஒரு பயிற்சியை எழுதி வெளியிட்டார். அவர் பேரிலேயே அது வழங்குகிறது. கசிவின் முதல் வகைக்கு முதல் வைத்தியமே இதுதான். அவசர வகைக்கும் உதவும்.

எப்படிச் செய்வது? காற்றுப் பிரிவதை அடக்குகிற மாதிரியும், அதே நேரம் சிறுநீரை நிறுத்துகிற மாதிரியும் நினைத்து, அந்த இடத்தை உள்ளே மேல்நோக்கி இழுங்க. வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது. மூச்சைப் பிடிக்கக் கூடாது. முதலில் மூன்று எண்ணும் வரை பிடித்து, மூன்று எண்ணும் வரை தளர்த்துங்க. பழகப் பழக எட்டு, பத்து எண்ணும் வரை பிடிக்கலாம். ஒரு வேளைக்குப் பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. படுத்துக்கொண்டு ஆரம்பித்து, பிறகு உட்கார்ந்து, நின்று செய்யலாம். உலை கொதிக்கும் நேரத்தில் செய்யலாம், பஸ்ஸுக்கு நிற்கும்போது செய்யலாம், யாருக்கும் தெரியாது. இருமல் தும்மல் வரும் முன்னாலும் ஒரு இழுப்பு இழுத்துப் பிடித்துக்கொள்ளணும்.

சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகக் கூடாது. அது பையைக் கெடுக்கும். இன்னொன்று, குறைந்தது மூன்று மாதமாவது விடாமல் செய்யணும். சேமிப்பு மாதிரிதான், ஒரு வாரம் போட்டுவிட்டு வட்டி எங்கே என்று கேட்கக் கூடாது. கர்ப்பமாக இருக்கும் மகள், மருமகளுக்கு இப்பவே சொல்லிக் கொடுங்க. பிறகு வரும் கசிவைத் தடுக்க அது உதவும்.

அவசர வகைக்கு 'நேரம் பழக்குதல்' என்று ஒன்று உண்டு. இப்போது ஒரு மணிக்கு ஒரு தரம் போகிறீர்கள் என்றால், முதல் வாரம் ஒன்றேகால் மணிக்கு ஒரு தரம் போங்க. வாரத்துக்குப் பத்து பதினைந்து நிமிஷம் கூட்டிக்கொண்டே போய், மூன்று மணி நேர இடைவெளிக்குக் கொண்டு வரணும். நடுவில் அவசரம் வந்தால் ஓடாதீங்க. நின்று அல்லது உட்கார்ந்து, அந்தத் தசையை நாலைந்து தடவை இழுத்துப் பிடித்து, அவசரம் தணிந்ததும் நடந்து போங்க. இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். பை முழுசாகக் காலியாகாத மூன்றாம் வகைக்கு மட்டும் இதைச் செய்யக் கூடாது. அதனால்தான் முதலில் மருத்துவரைப் பாருங்க என்கிறேன்.

எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே கசிவு நன்றாகக் குறையும். 70 கிலோ இருப்பவர் நாலைந்து கிலோ குறைத்தாலே மாற்றம் தெரியும். கீரை, வாழைத்தண்டு, கொய்யா, கம்பு, கேழ்வரகு என்று நார்ச்சத்து சேர்த்து மலச்சிக்கலைச் சரி செய்யணும்.

மாத்திரையும் வளையமும் அறுவையும்

அவசர வகைக்குப் பைச்சுவரைத் தளர்த்தும் மாத்திரைகள் இருக்கின்றன. சிலருக்கு வாய் உலரும், மலம் இறுகும். அப்படி இருந்தால் மருத்துவரிடம் சொல்லி மாற்றலாம். மாதவிலக்கு நின்றவர்களுக்கு உள்ளே தடவும் ஹார்மோன் களிம்பு தரலாம். அடி இறக்கத்துக்கு, உள்ளே வைத்துத் தாங்கும் வளையம் இருக்கிறது. அறுவை வேண்டாம் என்பவர்களுக்கு அது நல்ல துணை. பயிற்சியால் தீராத முதல் வகைக்கு அறுவை சிகிச்சை உண்டு.

பை காலியாகாதவர்கள், சுத்தமான சின்னக் குழாயைத் தாங்களே விட்டு நாளைக்கு நாலைந்து தடவை சிறுநீரை எடுத்துக்கொள்ளலாம். கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் பலர் இப்படித்தான் சிறுநீரகத்தைக் காப்பாற்றிக்கொண்டு வேலைக்கும் போகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. சிறுநீர் கசிவதற்காக மட்டும் கர்ப்பப்பையை எடுப்பது வைத்தியம் இல்லை. அடி மிகவும் இறங்கியிருந்தால் எடுக்க வேண்டி வரலாம், அது வேறு. "எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்" என்று யாராவது சொன்னால், கடன் வாங்கிக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இன்னொரு மருத்துவரிடம் கேளுங்க.

உடனே போக வேண்டிய அறிகுறிகள்

சிறுநீரில் இரத்தம், வலி இல்லாவிட்டாலும் சரி. குளிர் காய்ச்சலோடு விலா, முதுகுப் பக்கம் வலி. பல மணி நேரமாகச் சிறுநீரே போகாமல் அடிவயிறு உப்புவது. பிரசவமாகி ஆறு மணி நேரம் ஆகியும் போகாதது. முதுகு வலியோடு கால் பலமிழப்பது, தொடை இடுக்கு மரத்துப் போவது. இதில் எது இருந்தாலும் அடுத்த வாரக் கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போகணும். 108க்கு அழைக்கலாம். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.

வீட்டில் இருக்கும் பெரியவர்களையும் பாருங்க. மாமனாருக்கு மெல்லிசாக, விட்டு விட்டுப் போனால் அது புராஸ்டேட் வீக்கமாக இருக்கலாம். ராத்திரி எழுந்து போகும்போது விழுந்துதான் பலருக்கு இடுப்பெலும்பு உடைகிறது. வழியில் ஒரு சின்ன விளக்கு போட்டு வைங்க. ஐந்து வயதுக் குழந்தை படுக்கையில் நனைத்தால் அடிக்காதீங்க, சூடு வைப்பேன் என்று மிரட்டாதீங்க. அது வேண்டுமென்றே செய்வதில்லை. பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும். நின்று போனது திரும்ப ஆரம்பித்தால் மருத்துவரிடம் காட்டுங்க.

நம்ம குழு என்ன செய்யலாம்?

1989ல் தர்மபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கின. அந்த நாட்களில் வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்து பேசவே தயங்கியவர்கள் நாம். இன்றைக்கு அவர்களிடம் வட்டி விகிதம் கேட்கிறோம். 2021ல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபோது, வீடு வீடாக இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப் போனவர்களில் நம் குழுப் பெண்களே இருந்தார்கள். அவர்கள் வாசலுக்கு வரும்போது இதையும் கேளுங்க. வருகிறவர்களும், "சிறுநீர் போறதுல ஏதாவது சிரமம் இருக்கா?" என்று நீங்களாகவே கேளுங்க. கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள்.

மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, மாதத்தில் ஒரு கூட்டத்தில் பத்து நிமிஷம் உடல் நலத்துக்கு ஒதுக்குங்க. அந்தப் பயிற்சியை எல்லாரும் சேர்ந்து செய்யுங்க. இரண்டு, கூட்டம் நடக்கும் இடத்திலும் வேலை நடக்கும் இடத்திலும் தண்ணீரோடு கழிப்பறை இருக்கிறதா என்று பாருங்க. இல்லை என்றால் தீர்மானம் போட்டு கிராம சபையில் வையுங்க. கூட்டத்தில் யாராவது நடுவில் எழுந்து போனால் ஏன் என்று சத்தமாகக் கேட்காதீங்க. மூன்று, இந்த நோய்க்கு வைத்தியம் பார்க்க ஒரு உறுப்பினர் உள்கடன் கேட்டால், காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் முன்னால் அதைக் கொடுங்க. காரணத்தை நோட்டில் 'மருத்துவம்' என்று எழுதினால் போதும்.

இப்போது இடைவேளை விடப் போகிறார்கள். மண்டபத்தின் பின்பக்கம் இடது கை ஓரமாகக் கழிப்பறை இருக்கிறது, தண்ணீர் வருகிறது, நான் பார்த்துவிட்டு வந்தேன். குடிதண்ணீர் கேன் வாசலில் இருக்கிறது. தைரியமாகக் குடிங்க, தைரியமாகப் போயிட்டு வாங்க. தனியாகக் கேட்க நினைப்பவர்கள் என்னிடம் வாங்க, சாயந்திரம் வரைக்கும் இங்கேதான் இருப்பேன்.